ஒளிரும் பவளம் யாருக்குக் குடை பிடிக்கிறது?

2017-இல் வந்த 'சேஸிங் கோரல்' ஆவணப்படத்தில் மறக்க முடியாத காட்சி, நியூ கலிடோனியாவில் எடுத்தது. சூடேறிய கடலில் பவளங்கள் நீலம், ஊதா, பச்சை என்று நியான் விளக்கு போட்ட மாதிரி ஜொலிக்கும். ஜெஃப் ஆர்லோவ்ஸ்கியின் படம் இதற்குச் சொல்லும் விளக்கம்: வெப்பத்திலிருந்து தப்பிக்கப் பவளம் தானே தயாரிக்கும் சன்ஸ்கிரீன். பார்க்கிறவர் மனதில் சாகப்போகிற உயிரின் கடைசிக் கூப்பாடாகத்தான் அது பதியும்.

நல்ல படம், சந்தேகமே இல்லை. பவளம் வெளிறுவதை உட்கார்ந்து பார்க்க வைத்ததே பெரிய வேலை. ஆனா அந்த விளக்கத்தில் ரெண்டு சிக்கல் இருக்கு.

முதலில், சன்ஸ்கிரீன் வெயிலுக்குத்தான், சூட்டுக்கு இல்லை. நிறமி தண்ணீரின் சூட்டைக் கொஞ்சமும் குறைக்காது, குறைப்பது ஒளியை. அதுவும் யாருக்காக? பவளத்தின் செல்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பகுதி அவை செய்யும் ஒளிச்சேர்க்கையிலிருந்துதான் வருகிறது. தண்ணீர் சூடானால் அந்த ஒளிச்சேர்க்கை தடுமாறும். நேற்று வரை தாங்கிய அதே வெயில் இன்று அதிகமாகிவிடும். பயன்படுத்த முடியாத ஒளி, செல்களை அரிக்கும் வீரியமான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்கும். அப்புறம் பாசி வெளியேறும். வெளிறல் என்பது இதுதான்.

இரண்டாவது சிக்கல், அந்தக் 'கடைசிக் கூப்பாடு'. பாசி குறைந்ததும் ஒளியை உறிஞ்ச ஆள் இல்லை. அடியில் இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு வேறு ஒளியைத் திருப்பி அடிக்கும். மிச்சமிருக்கும் பாசிக்கு முன்பைவிடக் கடுமையான வெயில். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வீடன்மான், டாஞ்சலோ குழு 2020-இல் 'கரண்ட் பயாலஜி' இதழில் காட்டியது என்னன்னா, திசுவுக்குள் இப்படிக் கூடும் நீல ஒளியே நிறமி உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. நிறமி திரண்டால் உள்ளே நிழல். அந்த நிழலில் பாசி மறுபடி குடியேறலாம். பாசி பெருகினால் உள்ளே நீல ஒளி குறையும், நிறமி உற்பத்தியும் தணியும். எங்க தொழில் பாஷையில் சொன்னா, ரெக்கவரி ஸ்கிரிப்ட் ஓடுவதைப் பார்த்துவிட்டு, சர்வர் செத்துப்போச்சு என்று படம் சொல்கிறது.

சன்ஸ்கிரீன் என்ற சொல்லே கொஞ்சம் குறுகலானதுதான். ஆழ்கடல் பக்கம் வாழும் சில பவளங்களில் இதே குடும்பத்து நிறமி, அங்கே கிடைக்கும் நீல ஒளியை ஆரஞ்சு-சிவப்பாக மாற்றித் திசுவின் உள்வரை அனுப்புகிறது. மேலே குடை, கீழே விளக்கு.

இதை வெறும் வார்த்தைச் சண்டையாக நினைக்க வேண்டாம். அந்த ஆய்வின்படி, மிதமான அல்லது குறுகிய கால வெப்பத்தில்தான் இந்த வண்ண வெளிறல் வருகிறது. அதாவது ஜொலிக்கும் பவளத்துக்கு இன்னும் வாய்ப்பு இருக்கு. அதைப் பார்த்து 'போச்சு' என்று கைகழுவினால், காப்பாற்றக்கூடியதையே நாம் முதலில் விட்டுவிடுவோம். அதே சமயம், சூடு வாரக்கணக்கில் நீடித்தால் எந்தக் குடையும் போதாது. படம் எழுப்பும் எச்சரிக்கை சரி. அதற்கு எடுத்துக்கொண்ட சாட்சிதான் வேறு கதை சொல்கிறது.