பயனில்லாத சொற்கள்

இலக்கியத்தை மூலத்திலேயே படித்துவிட வேண்டும் என்ற ஆசையுடன் சென்ற வருஷம் ஒரு ஜப்பானிய மொழிப் பாடப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பாடத்திலேயே சலிப்புத் தட்டிவிட்டது. காலையில் ஒருவரைப் பார்த்தால் 'ஒஹாயோ', பகலில் 'கொன்னிச்சிவா', சாப்பிட உட்கார்ந்தால் 'இதாதகிமாஸ்', வீடு திரும்பினால் 'ததாய்மா'. எல்லாம் வாசற்படிப் பேச்சு. இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது என்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதை மறுபடி திறக்க வைத்தது ஒரு சினிமாப் படம். யசுஜிரோ ஓசு 1959-ல் எடுத்தது. படத்தின் பெயரே 'ஒஹாயோ'தான்.

கையகலக் கதை. டோக்கியோவின் புறநகரில் நெருக்கமாக ஒட்டி நிற்கும் சின்னச் சின்ன வீடுகள். மினோரு, இசாமு என்று அண்ணன் தம்பி இருவர். டெலிவிஷன் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். அநாவசியமாகப் பேசாதே என்று அப்பா அதட்டுகிறார். மூத்தவனுக்கு ரோஷம் வந்துவிடுகிறது. பெரியவர்கள் மட்டும் என்ன பேசுகிறார்களாம்? காலை வணக்கம், மாலை வணக்கம், நல்ல வெயில், எங்கே புறப்பட்டீர்கள், இதோ பக்கத்தில்தான் - இவை எல்லாம் வீண் பேச்சில்லையா என்று மடக்குகிறான். 'பயனில சொல்லாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை அந்தப் பையன் படித்திருக்க நியாயமில்லை. படித்திருந்தால் அப்பா பாடு திண்டாட்டம்தான். பிறகு இருவரும் மௌன விரதம் பூணுகிறார்கள்.

விபரீதம் அங்கேதான் ஆரம்பம். அடுத்த வீட்டு அம்மாள் வணக்கம் சொல்கிறாள்; பையன்கள் வாய் திறவாமல் போகிறார்கள். அவர்கள் தாயார் தன்மேல் ஏதோ வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஏவிவிட்டாள் என்று அவள் முடிவு கட்டுகிறாள். பேச்சு வீடு வீடாகப் பரவுகிறது. ஒரு 'ஒஹாயோ' குறைந்ததற்கு இத்தனை கலவரம்!

இதைப் பார்த்த பிறகு பாடப் புத்தகம் வேறு புத்தகமாகத் தெரிந்தது. வீட்டை விட்டுக் கிளம்புகிற ஜப்பானியர் 'இத்தே கிமாஸ்' என்கிறார். 'இத்தே' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! உள்ளே இருப்பவர் 'இத்தே இராஷ்ஷாய்' என்கிறார், போய் வாருங்கள். இது இங்கிலீஷ் வழியாக நம்மிடம் வரும்போது வெறும் 'கிளம்புகிறேன்' ஆகிவிடுகிறது. திரும்பி வருவேன் என்ற வாக்கு நடுவழியில் விழுந்துவிடுகிறது. நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும் சொல், ஊரைச் சுற்றி வந்ததனால் அடையாளம் தெரியாமல் போகிறது. 'இதாதகிமாஸ்' என்பதன் வினைச்சொல்லுக்குத் தலைமேல் வைத்தல் என்று பழைய பொருள். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லாம் ஒன்றே என்று நான் சாதிக்க வரவில்லை. 'எங்கே புறப்பட்டீர்கள்?' என்பது அங்கே உபசாரம். இங்கே புறப்படுகிறவரைப் பார்த்து 'எங்கே' என்று கேட்டால் காரியம் கெட்டது. 'தூரமா?' என்றுதான் நாம் கேட்போம்.

படத்தில் சிறுவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வாலிபன், இந்த வீண் சொற்கள்தாம் உலக வாழ்வுக்கு எண்ணெய் என்கிறான். உடனே அவன் தமக்கை, முக்கியமானதை மட்டும் உன்னால் சொல்ல முடியவில்லையே என்று குத்திக் காட்டுகிறாள். பையன்களின் சிற்றன்னையிடம் அவனுக்கு மனம் இருக்கிறது. கடைசியில் இருவரும் ரயில்வே பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். நல்ல வெயில் என்கிறார்கள். மேகத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறார்கள். அவ்வளவுதான். ஓசு யார் கட்சியும் பேசவில்லை. பையன் சொன்னதும் நியாயம். வாலிபன் சொன்னதும் நியாயம். சிறுவர்கள் வாயுவை வைத்து ஆடும் விளையாட்டு முகம் சுளிக்க வைக்கலாம். ஆனால் கணவனிடமிருந்து அந்தச் சத்தம் வந்ததும், 'கூப்பிட்டீர்களா?' என்று மனைவி எட்டிப் பார்க்கும் இடத்தில் நான் சிரித்துவிட்டேன். சொல்லே இல்லாத சப்தத்துக்கும் அந்த வீட்டில் பதில் இருக்கிறது.

இதை எழுதும்போது ஒரு குற்றம் நினைவுக்கு வருகிறது. சில வருஷங்களுக்கு முன் ஓர் இளைஞர் தம் சிறுகதையை என்னிடம் காட்டினார். 'வாங்க, எப்ப வந்தீங்க? சாப்பிட்டாச்சா?' என்று ஆரம்பித்த சம்பாஷணையை நான் சிவப்பு மையால் அடித்தேன். கதையை நகர்த்தாத பேச்சு வேண்டாம் என்று உபதேசமும் செய்தேன். அந்தக் கதையில் அண்ணனும் தம்பியும் பத்து வருஷம் முகம் பார்க்காதவர்கள். 'சாப்பிட்டாச்சா' என்ற ஒரு வார்த்தைக்குத்தான் அந்தத் தம்பி ரயிலேறி வந்திருந்தான். அது எனக்குத் தெரியவில்லை.

அவருக்குக் கடிதம் எழுதப் போகிறேன். 'நலம், நலமறிய அவா' என்று ஆரம்பிக்க வேண்டும்.