லயத்துக்கு வந்த வேதாளம்: பெரிய எழுத்துக் கதையும் மலையக வாசிப்பும்

மாயக் கதைகள் உழைக்கும் மக்களை மயக்கத்தில் ஆழ்த்துவன என்னும் கணிப்பு முற்போக்கு விமர்சனத்தில் வேரூன்றிய ஒன்றாகும். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் இக்கணிப்புக்குத் தப்பவில்லை. ஆயின், ஒரு நூலை எவர், எந்நிலையில் படித்தனர் என்பதையும் கருத்திற் கொள்ளாது அதன் சமூகப் பெறுமதியை நாம் நிர்ணயிக்க இயலாது.

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் இத்தகைய நூல்கள் தனியொருவர் மௌனமாகப் படித்தவையல்ல. எழுத்தறிந்த ஒருவர் இராகமிட்டுப் படிக்க, லயத்துக் காம்பராவில் ஏனையோர் கூடியிருந்து கேட்டனர். எழுத்தறியாதாரும் இவ்வகையில் வாசகராயினர்.

அவர்கள் கேட்ட கதையின் மையம் ஒரு மர்மமாகும். முனிவன் வேண்டியபடி விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்து வருகிறான். வாய் திறந்தால் அது மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். விடை தெரிந்தும் வாய் திறவாவிடின் அவன் தலை வெடிக்கும். இறுதிப் புதிருக்கு மட்டும் அவனிடம் விடையில்லை. அப்பொழுதே முனிவனின் சதி வெளிப்படுகிறது. வணங்கும் முறையைக் காட்டுமாறு கேட்டு, குனிந்த முனிவனையே அரசன் வெட்டுகிறான்.

இக்கதையைக் கேட்டோரின் வாழ்வில் எழுத்து எங்கிருந்தது? அவர்தம் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் இருந்தது. அன்றாட உழைப்பு செக்றோலில் இருந்தது. இரண்டையும் எழுதியவர் பிறர். 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் துண்டு முறை ஒழிக்கப்படும் வரை, ஒரு தாளிலிருந்த தொகை மனிதரைத் தோட்டத்தோடு பிணைத்தது. இதனினும் பெரிய மந்திரம் எந்த மாயக் கதையிலும் இல்லை. அநீதியை அறிந்திருந்தும் துரைக்கும் கங்காணிக்கும் முன் வாய் திறக்க இயலாதிருந்தோர்க்கு, விடை தெரிந்தவன் பேசியே ஆகவேண்டும் என்னும் விதி வெறும் வேடிக்கையாக இருந்திருக்க முடியாது என நாம் கருதுகிறோம். பணியச் சொன்னவனே பணிந்து வீழும் முடிவும் அவ்வாறானதே.

இதனால் நூலின் குறைபாடுகள் மறைந்துவிடா. நீதி அரசன் ஒருவனின் அறிவில் அடங்கிவிடுகிறது. பெண்ணை வஞ்சகியாகச் சித்திரிக்கும் கிளைக்கதைகள் பலவுள. கொழுந்து கொய்து தோட்டத்தைத் தாங்கிய பெண்களும் அவற்றைக் கேட்டனர் என்பதை விமர்சகன் மறத்தலாகாது.

ஆயினும், கூடியிருந்து கேட்கும் பழக்கம் அக்கதையோடு முடிந்துவிடவில்லை. 1931 இல் கோ. நடேசையர் ஹற்றனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது, அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாளின் அரசியற் பாடல்கள், பாட்டும் கதையும் கூடிக் கேட்டுப் பழகிய செவிகளையே சென்றடைந்தன. பாடுபொருள் மாறியது, கேட்கும் முறை மாறவில்லை.

எனவே, மாயக் கதைகளை ஒதுக்கும் விமர்சனம் அவற்றோடு அம்மக்களின் வாசிப்பு வரலாற்றையும் ஒதுக்கிவிடுகிறது. பெரிய எழுத்து நூல்களை மலையக இலக்கியத்தின் முன்வரலாறாகக் கொண்டு ஆராய்தல் நம் கடனாகும்.