நால்வரிசையும் உருவவாதக் குற்றச்சாட்டும்

1945ஆம் ஆண்டு மொஸ்கோ இசைக் கல்லூரி மாணவர் நால்வர் தமக்குள் ஒரு தந்தி வாத்தியக் குழுவை அமைத்துக்கொண்டனர். ரொஸ்டிஸ்லாவ் டுபின்ஸ்கி முதல் வயலினை ஏற்றார். செல்லோ வாசித்த ரொஸ்ட்ரபோவிச் சில வாரங்களிலேயே விலக, அவ்விடத்துக்கு வலன்டின் பெர்லின்ஸ்கி வந்தார். அவர் 2007 வரை அவ்விடத்தை விட்டகலவில்லை. 1955இல் பொரடின் என்னும் பெயரைப் பெற்ற இக்குழுவின் இளமைக்கால அனுபவமொன்று, கலை விமரிசனத்தில் நாம் அடிக்கடி கையாளும் இரு சொற்களை, உருவம், உள்ளடக்கம் என்பனவற்றை, மீள நோக்குமாறு எம்மைத் தூண்டுகின்றது.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கு வாத்தியங்களுக்கென இயற்றப்படுவது 'குவார்ட்டெட்' என்னும் நால்வரிசை. வயலினைப் பக்கவாத்தியமாகக் கேட்டுப் பழகிய எமக்கு இது சற்றுப் புதுமையானது. இங்கு பாட்டு இல்லை. பாடுவோரும் பின்தொடர்வோரும் என்ற நிலையான பிரிவும் இல்லை. ஹெய்டனின் காலமாகிய 18ஆம் நூற்றாண்டில் பிரபுக்களின் மாளிகை அறைகளில் வளர்ந்த வடிவமாதலின், இதனை மேட்டுக்குடியினரின் கலை எனத் தள்ளிவிடுவோர் உளர். ஒரு வடிவம் பிறந்த இடத்தைக் கொண்டே அதன் பிற்கால வாழ்வையும் தீர்த்துவிடும் இம்முறை வரலாற்று நோக்கு ஆகாது. மாளிகை அறையிலிருந்து இசைக் கல்லூரி மண்டபத்துக்கு வந்தபோது நால்வரிசையின் கேட்போரும் மாறினர், வாசிப்போரும் மாறினர்.

1948 பெப்ரவரி 10ஆம் திகதி சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்திய குழு, முரதெலியின் ஓர் இசைநாடகத்தை முன்னிட்டு வெளியிட்ட தீர்மானம், ஷொஸ்டகோவிச், புரொகோபியெவ் முதலானோரை உருவவாதிகள் எனக் கண்டித்தது. மக்களுக்கு விளங்காத இசை என்பதே குற்றச்சாட்டின் சாரம். அவ்வாண்டிலேயே ஷொஸ்டகோவிச் மொஸ்கோ, லெனின்கிராட் கல்லூரிகளில் வகித்த ஆசிரியப் பதவிகளை இழந்தார். மறு ஆண்டு அவர் நான்காவது நால்வரிசையை எழுதினார். அதன் இறுதிப் பகுதி யூத மக்களின் இசைச் சாயலைக் கொண்டது. 'நாடற்ற உலகவாதம்' என்னும் பெயரில் யூத அறிவாளர்மீது வசை பொழியப்பட்ட காலம் அது. படைப்பு மேசைக்குள்ளேயே கிடந்தது. 1953 மார்ச்சில் ஸ்டாலின் மறைந்தபின், அவ்வாண்டு டிசம்பரிலேயே பீத்தோவன் குழுவினரால் அது பொதுமேடை ஏறியது. அவர்களும் 1920களில் அதே மொஸ்கோ கல்லூரியிலிருந்து உருவானவர்களே.

டுபின்ஸ்கியின் பெயரோடு வழங்கிவரும் செய்தி இப்படைப்பைப் பற்றியதே. அதிகாரிகளின் அங்கீகாரம் வேண்டி இளங்குழுவினர் இதனை இரு விதமாக வாசிக்க ஆயத்தமாயிருந்தனராம்: ஒன்று தாம் உணர்ந்தவாறு துயரம் மேலோங்க, மற்றது அதிகாரிகளுக்காக, நம்பிக்கை ததும்ப. டுபின்ஸ்கி 1976இல் நாட்டை விட்டு வெளியேறியவர். 'ஸ்டோமி அப்ளோஸ்' என்னும் அவரது நினைவு நூல் 1989இல் வெளிவந்தது. புலம்பெயர்ந்தோர் நினைவுகளைக் கெடுபிடிப் போர்க்காலப் பிரசாரம் எவ்வாறு பயன்படுத்திற்று என்பதை அறிந்த நாம், இச்செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளத் தயங்குகிறோம். ஆயினும் அது எழுப்பும் வினா செய்தியின் உண்மைபொய்யைச் சார்ந்ததன்று. ஒரே சுரங்களை இருவிதமாக வாசித்து இருவேறு கருத்துகளைத் தர முடியுமாயின், தீர்மானம் கண்டித்தது எதனை? ஏட்டிலுள்ள குறிகளையா, வாசிப்போரின் கைகளையா?

படைப்பையே அணுகுவோம். முதற்பகுதி அடித்தந்திகளில் நீளும் ஒரே சுரத்தின்மேல் தொடங்குகின்றது. தம்புராச் சுருதியில் ஊறிய செவிக்கு இது அந்நியமாகாது. அச்சுருதிமேல் வயலின்கள் கிராமியப் பாங்கான இசையை விரிக்கின்றன. வேகத்தைக் கூட்டி, வில்லை இலேசாக்கினால் இதனைத் திருவிழா மகிழ்ச்சியாக்கலாம். நிதானித்து அழுத்தினால் அதே சுருதி விடாப்பிடியான சுமையாகும். இரண்டாம் பகுதியில் முதல் வயலின் தனித்துப் பாடும் சோகத்தை மறைப்பது கடினம். அதிகாரியின் முன் அதனை வெறும் இனிமையாக்கலாம். மூன்றாம் பகுதி ஒலியடக்கிகள் பொருத்திய தந்திகளில் முணுமுணுப்பாக ஓடுகின்றது. அங்கு உரத்துப் பேச வாத்தியங்களுக்கே இடமளிக்கப்படவில்லை. இடைவெளியின்றி அதனைத் தொடரும் நான்காம் பகுதியிலோ நடனத் தாளத்தின்மேல் அந்த யூத இசை எழுகின்றது. சிரிப்பும் அழுகையும் ஒரே வாயிலிருந்து வரும் இசை அது. வாசிப்போர் இவற்றுள் ஒன்றை முன்னிறுத்தலாம். மற்றதை முற்றாக வெளியேற்ற அவர்களால் இயலாது.

இங்குதான் தீர்மானத்தை எழுதியோர் தவறினர் என்பது எமது துணிபு. உள்ளடக்கம் முன்னரே திரண்டு நிற்க, உருவம் அதன்மீது அணிவிக்கப்படும் ஆடை என அவர்கள் எண்ணினர். ஆடை மிகுந்தால் உருவவாதம் எனப் பெயரிட்டனர். இப்படைப்பிலோ, சொல்லக் கூடாதிருந்த செய்தியைக் காத்து நின்றது உருவமே. ஒலியடக்கியும் நீள்சுருதியும் நடனத் தாளமும் இல்லையேல் அச்செய்தியும் இல்லை. 'உருவவாதி' என்பது நம் முற்போக்கு விமரிசனத்திலும் வசையாக வழங்கிய சொல். நுணுகிக் கேட்கும் உழைப்பிலிருந்து விமரிசகனை விடுவித்த வசதியான சொல்லும்கூட. மக்களுக்கு விளங்காது என்றோர் மக்களைக் கேட்க விட்டார்களா என்பது வேறொரு வினா. இப்படைப்பைப் பொறுத்தவரை நான்கு ஆண்டுகளாக மக்கள் அதனைக் கேட்கவே இல்லை.

நம்பிக்கை ததும்ப வாசிக்க முனைந்த இளைஞர்கள் இறுதிப் பக்கத்தை என்ன செய்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கிறோம். வேகத்தையும் அழுத்தத்தையும் மாற்றலாம். முடிவை மாற்ற இயலாது. நான்காம் பகுதி பெருங்குரலில் உச்சத்தைத் தொட்டபின், வெற்றி முழக்கத்துக்கு இடமின்றிப் படிப்படியாகத் தணிகின்றது. ஒலி மங்கி மறையுமாறு ஷொஸ்டகோவிச் ஏட்டிலேயே குறித்து வைத்திருக்கிறார்.