கைவிளிம்பில் ஒரு கரும்பட்டுச் சித்திரம்

ஹான்ஸ் ஹோல்பைன் 1536-37இல் தீட்டிய ஜேன் சீமோரின் ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவி அவர். செவ்வெல்வெட்டின் செழுமையும் முத்துகளின் குளிர்ந்த ஒளியும் முதலில் நம்மை இழுத்துக்கொள்ளும். அவற்றில் ஆறுதலாகத் திளைத்துவிட்டு, கோத்திருக்கும் அந்த மென்கைகளுக்கு வாருங்கள்.

மணிக்கட்டைத் தழுவிய வெள்ளை லினன் விளிம்பில், கரும்பட்டு நூலால் இழைத்த நுண்ணிய வேலைப்பாடு. எத்தனை நளினம்! தூரிகை துணியின் மடிப்போடு வளைகிறது. வளைந்தும் ஒரு தையல்கூட நிலை தவறவில்லை. நகைகளுக்கும் பொற்கிண்ணங்களுக்கும் வடிவம் வரைந்து பழகிய கை ஹோல்பைனுடையது. அதனால்தான் அலங்காரத்தை மேலோட்டமாகத் தீற்றிவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை என்று எனக்குத் தோன்றும்.

அந்தத் தையலின் அழகு அதன் நடையில் இருக்கிறது. ஊசி ஓர் இடம் தைத்து, ஓர் இடம் விட்டு ஓடுகிறது. வந்த வழியே திரும்பும்போது விட்ட இடங்களையெல்லாம் நிரப்புகிறது. முடிவில் துணியின் இரு புறமும் ஒரே சித்திரம். சுருக்கம் வைத்த கைவிளிம்பில் உட்புறமும் வெளியே தெரியும். முடிச்சு ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. இந்தத் தையலுக்கு இன்று ஹோல்பைன் தையல் என்றே பெயர்.

இத்தகைய வடிவங்களை ஊர் ஊராகக் கொண்டுபோனவை அச்சிட்ட மாதிரிப் புத்தகங்கள். 1524இலேயே ஆக்ஸ்பர்க் அச்சாளர் இளைய ஷோன்ஸ்பெர்கர் ஒன்றை வெளியிட்டுவிட்டார். பக்கத்தின் கோடுகள் நெடுக ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டினால் வடிவம் துணியில் இறங்கிவிடும். ஆசை ஆசையாகப் பயன்படுத்தியே பல பிரதிகள் கிழிந்து அழிந்தன. ஒரு புத்தகத்துக்கு இதைவிட இனிய முடிவு உண்டா?

எனக்கு மிகப் பிரியமானது, ஓவியர் டிஷியனின் உறவினரான செசாரே வெசெல்லியோ 1591இல் வெனிஸில் வெளியிட்ட லேஸ் பின்னல் மாதிரிப் புத்தகம். கரிய பின்னணியில் பூக்களும் விலங்குகளும் வெள்ளைக் கோடுகளாக மலர்ந்து நிற்கும். வெறும் மரக்கட்டை அச்சுதான். ஆனாலும் நூலின் மென்மையை விரல் உணரும்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள இத்தகைய புத்தகங்களின் பக்கங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டம் போட்ட வடிவங்களில் பிடித்த ஒன்றைப் பெரிதாக்கி, கட்டங்களை எண்ணி, கறுப்பு நூல் கோத்துத் தைத்துப் பாருங்கள்.