பாதியில் நின்ற ஒப்பந்தம்

என் நாவலில் தாயும் மகளும் பேசிக்கொள்ளும் ஓர் இடம். மூன்று பக்கம். புதிதாக வாங்கிய ஒரு மென்பொருளில் அன்று காலைதான் அடித்திருந்தேன், சேமித்து வைக்கவில்லை. கடைசியில் செய்த திருத்தங்கள் பிடிக்காமல், கன்ட்ரோலையும் இஸட்டையும் சேர்த்துத் தட்டிக்கொண்டே பின்னால் போனேன். நிதானம் தவறி, மூன்று பக்கமும் மறைந்தது. போனதை வரவழைக்க, பல வருஷப் பழக்கத்தில், கன்ட்ரோல் ஒய் அடித்தேன். வரவில்லை. மிச்சமிருந்ததில் ஒரு வரி போயிற்று. விரல் அதை நம்பாமல் இன்னும் நாலு தடவை அடித்தது; இன்னும் நாலு வரி போயிற்று.

அங்கே கன்ட்ரோல் ஒய் என்றால் வரியை அழி என்று அர்த்தமாம். அழிப்பது ஒரு புதுத் திருத்தம். புதுத் திருத்தம் ஒன்று செய்தவுடன் முன்னே திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஐந்து வரிகளை மீட்டேன். மூன்று பக்கத்தை மீட்க முடியவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோபம் ஆறின பிறகும் குற்றம் குற்றமாகத்தான் தெரிகிறது.

1980-களில் இந்தக் குழப்பமே வழக்கம். வேர்ட்ஸ்டாரில் கன்ட்ரோல் ஒய் வரியை அழித்தது. வேர்ட்பர்ஃபெக்டில் உதவி கேட்க எஃப்3. விசைகளின் வேலையை அச்சிட்ட ஒரு பட்டையை விசைப்பலகையில் பொருத்திக்கொண்டு எழுதினார்கள். 1987இல் ஐ.பி.எம். கம்பெனி ஒரு பொது விதி வகுத்தது. உதவிக்கு எஃப்1 என்பது அதில் நிலைத்துவிட்டது. வெட்ட ஷிஃப்டும் டெலீட்டும், ஒட்ட ஷிஃப்டும் இன்ஸர்ட்டும் என்பது பல இடங்களில் இன்றும் வேலை செய்கிறது, யார் உபயோகிக்கிறார்கள்?

ஜயித்தது வேறு. 1983இல் ஆப்பிளின் லிசாவில் வந்த நாலு எழுத்துக்கள்: இஸட், எக்ஸ், சி, வி. கீழ்வரிசையில் இடது ஓரத்தில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. வலது கை மௌஸை விடாமல் இருக்க, இடது கை பார்த்துக்கொள்ளும். சி நகலுக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து, சரி. ஒட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லில் வி கிடையாது, பக்கத்தில் இருக்கிறது. அர்த்தத்தைவிட இடம் முக்கியம் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. லிசாவில் வேலை செய்த லாரி டெஸ்லர் 2020இல் காலமானார். அவரை அறியாத கோடிக்கணக்கான கைகள் அந்த எழுத்துக்களைத் தினமும் தட்டுகின்றன. 1992இல் விண்டோஸ் 3.1 கன்ட்ரோலோடு அவற்றை எடுத்துக்கொண்டதும் விவகாரம் ஏறக்குறைய தீர்ந்தது.

ஏறக்குறைய என்றுதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மெக்கின்டாஷில் ஒரே ஒரு படிதான் பின்னால் போகலாம். அதே விசையை மறுபடி தட்டினால் போனது வந்துவிடும். திரும்பி வருவதற்குத் தனி விசை தேவைப்படவில்லை. பல படிகள் பின்னால் போக வசதி வந்தபோதுதான் தேவைப்பட்டது. அதற்குள் ஆளுக்கொரு வீடு கட்டிக் குடியேறியாயிற்று. விண்டோஸில் ஒய், ஆப்பிளில் ஷிஃப்டோடு இஸட். அழிப்பதில் உலகம் ஒன்றுபட்டது, மீட்பதில் ஒன்றுபடவில்லை.

பழைய வழக்கத்தைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஈமாக்ஸ்காரர்களுக்குக் கன்ட்ரோல் ஒய் என்றால் ஒட்டுவது. யூனிக்ஸ் முனையத்தில் கன்ட்ரோல் சி ஓடுகிற வேலையை நிறுத்தும். அவர்கள் கையில் அந்தப் பாஷை முந்தியே ஏறிவிட்டது. மாற்றச் சொல்வது அநியாயம். நேற்றுப் பிறந்த ஒரு மென்பொருள், பழைய வாடிக்கைக்காரர் ஒருவர்கூட இல்லாத நிலையில், வரியை அழிக்கிற வேலையை ஒய்யிடம் கொடுத்ததற்கு என்ன சமாதானம் சொல்ல முடியும்? 'அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாமே' என்கிறார்கள். விபத்துக்குப் பிறகு எல்லோருக்கும்தான் தெரிகிறது.

மாற்றிக்கொண்டேன். மூன்று பக்கத்தையும் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். மகள் அப்படியே வந்துவிட்டாள். தாய்தான் இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறாள்.