பரங்கிமலையில் வாழ்ந்தவரின் அபிப்பிராயங்கள்

மாம்பலத்தில் மின்தொடர் வண்டி ஏறி, சைதாப்பேட்டையையும் கிண்டியையும் கடந்து, பரங்கிமலை நிலையத்தில் இறங்குவோருள் நம் வாசகர்கள் பலர் இருப்பார்கள். டிசம்பர்த் திங்களில் மலைமாதா திருவிழாவுக்குச் செல்லும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த மலைப்பகுதியில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெனிஸ் நகரத்தார் ஒருவர் வீடு வைத்திருந்தார். மருத்துவர் என்று பெயர். மருத்துவம் எங்கும் முறையாகப் பயின்றவர் அல்லர். கத்தோலிக்கர்; ஆனால் துறவியரோடு ஓயாத வழக்கு. உணவு, குளியல், திருமணம், வைத்தியம், பல்லக்கு, அரசர், ஆயர் என்று எதைப் பற்றியும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அத்தனையையும் எழுதியும் வைத்தார். அவர் நிக்கோலாவோ மனுச்சி. நூல் 'ஸ்டோரியா தோ மோகோர்'.

வரலாற்றுப் பாடநூல்கள் மனுச்சியைப் 'பயணி' என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். அச்சொல் அவருக்குப் பொருந்தாது. பயணி திரும்பிப் போவான், இவர் திரும்பவில்லை. 1653-ல், பதினைந்து வயதுச் சிறுவனாக, பெல்லமாண்ட் பிரபு என்ற ஆங்கிலத் தூதரைப் பற்றிக்கொண்டு வெனிஸை விட்டார். 1656 ஜனவரியில் சூரத்தில் இறங்கினார். அதே ஆண்டிலேயே பிரபு இறந்துபோக, அநாதையான இளைஞர் தாரா ஷுகோவின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். தாரா வீழ்ந்தபின் மருத்துவரானார். ராஜா ஜெய்சிங்கிடம் இருந்தார். சிவாஜியை நேரில் கண்டார். ஔரங்கசீப்பின் மகன் ஷா ஆலத்திடம் பணியாற்றினார். பின் அங்கிருந்து தப்பி 1686-ல் சென்னப்பட்டினம் வந்து சேர்ந்தார். புதுச்சேரியின் பிரான்சுவா மர்த்தேன் சொன்ன யோசனைப்படி எலிசபெத் ஹார்ட்லி என்ற விதவையை மணந்துகொண்டு இக்கரையிலேயே தங்கிவிட்டார். கிடைத்த எழுத்தர்க்கு ஏற்பப் போர்த்துக்கீசியம், இத்தாலியம், பிரெஞ்சு என மூன்று மொழிகளில் நூலைச் சொல்லி எழுதுவித்தார். பாரீசுக்கு அனுப்பிய கைப்பிரதி இயேசு சபையைச் சேர்ந்த கத்ரூ அடிகளாரின் கைக்குப் போய், 1705-ல் அவர் பாணியில் வேறொரு நூலாக வெளிவந்தது. கொதித்துப்போன மனுச்சி மற்றொரு பிரதியை வெனிஸ் ஆட்சி மன்றத்துக்கே அனுப்பினார். முழு நூலும் உலகுக்குக் கிட்டியது, 1907-1908-ல் வில்லியம் இர்வின் அதை ஆங்கிலத்தில் நான்கு தொகுதிகளாக்கியபோதுதான்.

அபிப்பிராயங்களுக்கு உள்ளானவர்களின் வழிவந்த நாம் இந்நூலை எப்படிப் படிப்பது? 'அந்நியன் நம்மை இகழ்ந்தான்' என்று மூடிவைப்பது ஒரு வழி. 'வெள்ளைக்காரரே எழுதிவிட்டார்' என்று தலையில் வைத்துக்கொள்வது மற்றொரு வழி. இரண்டுக்கும் நூலைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. படித்தால் அதற்குள் இரண்டு மனுச்சிகள் இருப்பது தெரியும்.

முதல் மனுச்சியைச் சூரத்தில் காண்கிறோம். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் இரத்தம் போன்று எதையோ துப்புகிறார்கள். இந்நாட்டில் எல்லாருக்கும் பல் பிடுங்கும் வழக்கமோ என்று சிறுவன் திகைத்து, ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் கேட்கிறான். நோயும் இல்லை, பல்லும் இல்லை, இது வெற்றிலை என்று அவர் விளக்கிக் கையில் கொடுக்கவும் செய்கிறார். மென்றவன் தலைசுற்றி நிறம் மாறிக் கீழே விழுகிறான். சாவு வந்துவிட்டது என்றே நினைக்கிறான். பெண்மணி வாயில் சிறிது உப்பை இட்டுத் தெளிவிக்கிறார். முதன்முதலாகப் புகையிலை போட்ட நம் ஊர் இளைஞன் இதைப் படித்தால் தன் கதை என்பான். இங்கே மனுச்சி வெற்றிலை போடுவோரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. தாம் விழுந்ததைச் சொல்கிறார்.

வைத்தியம் பற்றிய பக்கங்களும் அப்படியே. லாகூரில் காஜியின் மனைவிக்கு எனிமா கொடுக்க வேண்டும், கருவி இல்லை. பசுவின் மடியையும் ஹுக்காவின் குழலையும் பொருத்திக் கருவி செய்கிறார். வேலை பலித்தது, வைத்தியரின் புகழும் பிறந்தது. தாம் மருத்துவம் அறியாதவர் என்பதை மறைக்காமல் சொல்லும் துணிவு இதில் இருக்கிறது. அந்தப்புரத்தில் திரைக்குப் பின்னிருந்து நீளும் கையைப் பிடித்து நாடி பார்க்க வேண்டும். நோயே இல்லாமல் நோயாளியானவர்களும், வைத்தியரின் கையைப் பற்றி முத்தமிட்டவர்களும், கடித்தவர்களும் உண்டாம். ஓர் ஆணின் முகத்தையாவது காணவேண்டும் என்று தவித்த பெண்களைப் பற்றிய அப்பக்கங்களில் கேலி கொஞ்சம், இரக்கம் நிறைய. மொகலாயப் பெண்டிரின் தனிமையைப் பற்றிப் பிறர் எழுதியவை பல கேள்வியறிவு. மனுச்சியோ அந்தத் தனிமையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவர்.

அரசியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சாமுகட் போர்க்களத்தில் 1658-ல் அவர் தாராவின் பக்கம் நின்றார். அதன்பின் ஔரங்கசீப்பைப் பற்றி நடுநிலையாக ஒரு வரிகூட அவரால் எழுத முடியவில்லை. இதைக் குறை என்று ஆய்வாளர் சொல்வர். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை; எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பதை அவர் ஒளிக்கவில்லையே! சென்னைக்கு வந்தபின்னும் அவருடைய பாரசீக மொழியறிவும் தர்பார்ப் பழக்கமும் பயன்பட்டன. 1701-ல் ஆளுநர் தாமஸ் பிட் அவரை நவாபு தாவூத் கானிடம் தூது அனுப்பினார். மறு ஆண்டே தாவூத் கான் சென்னப்பட்டினத்தைப் பல வாரங்கள் முற்றுகையிட்டான். அந்தப் பேரங்களில் யார் யாருக்கு எவ்வளவு அஞ்சினர் என்பதை அருகிருந்து கண்டவர் எழுத்து வேறு. கோட்டைக் குறிப்பேடுகளின் எழுத்து வேறு.

இனி இரண்டாம் மனுச்சி. நூலின் பிற்பகுதியில் இந்துக்களின் வழக்கங்களை வகைப்படுத்தத் தொடங்கியதும் எழுத்தின் குரல் மாறிவிடுகிறது. வெற்றிலை தின்று விழுந்த சிறுவனைக் காணோம். 'இவர்கள்' என்ற ஒரு சொல் வந்து அமர்ந்துகொள்கிறது. இவர்கள் உண்பது, இவர்கள் குளிப்பது, இவர்கள் மணம் செய்வது. மனிதர்கள் மறைந்து வழக்கங்கள் மட்டும் எஞ்சுகின்றன. அவற்றுள் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தியது. உலகிலேயே தாங்கள் மட்டுமே நாகரிகமும் தூய்மையும் உடையவர்கள் என்று எண்ணுவதை இம்மக்களின் முதற்பிழையாக அவர் குறிக்கிறார். ஐரோப்பியரை அவர்கள் அருவருப்புக்குரிய அழுக்கர் என்று கருதுகிறார்களாம். மாட்டிறைச்சி உண்பவர், மது குடிப்பவர், சுத்தம் அறியாதவர் — சுருங்கச் சொன்னால், பரங்கி.

மனுச்சிக்கு இது வலித்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் ஒரு மண்ணில் வாழ்ந்து, அண்டை வீட்டார் தம் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று அறிவது சிறிய வலி அன்று. இந்த ஒரு செய்தியில் அவர் சொன்னது பொய்யும் அன்று. நாமே தூயவர், பிறர் தொடத் தகாதவர் என்பதற்கு நம் ஊரில் பெயர் உண்டு. அந்தப் பெயரை அந்நியர் ஒருவர் பிழை என்று சொன்னதற்காக நாம் சினங்கொள்ள நியாயம் இல்லை. என் குறை வேறு. ஐரோப்பியருக்கு நேர்ந்த அவமதிப்பாகவே அவர் அதைக் கண்டார். அதே விலக்கைப் பிறப்பு முதல் சாவு வரை சுமந்தவர்கள் அவர் வாசலிலேயே இருந்தனர். தம் வலி அவர்களுடைய வலியின் ஒரு துளி என்பது அவருக்கு உறைத்ததாக அப்பக்கங்களில் எனக்கு ஒரு தடயமும் தென்படவில்லை. நாடி பார்க்கத் தெரிந்தவர் அங்கே கையை நீட்டவில்லை.

பரங்கி என்ற அதே சொல்லை எதிர்கொண்ட மற்றோர் இத்தாலியரை இங்கே நினைக்காதிருக்க முடியாது. மனுச்சி சூரத்தில் இறங்கிய அதே 1656 ஜனவரித் திங்களில்தான் மயிலையில் தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி கண்மூடினார். ஒருவர் கரையேறும்போது மற்றவர் கரைசேர்ந்தார். நொபிலி 'நான் பரங்கி அல்லன்' என்றார்; காவி உடுத்தார்; புலால் விட்டார்; தமிழில் நூல்கள் எழுதினார். பார்வை மங்கிய முதுமையை இந்த மயிலையில் கழித்தார். நம் இதழ்களில் இவ்வொப்பீடு இத்துடன் நின்றுவிடுவது வழக்கம்: மொழியைக் கற்றவர் உயர்ந்தார், கல்லாதவர் தாழ்ந்தார் என்று. என்னால் அத்தனை எளிதாக நிறுத்த முடியவில்லை. நொபிலி உள்ளே நுழைந்த வாசல் உயர்குடியாரின் வாசல். அதற்கு அவர் கொடுத்த விலையை, எளியோர்க்குத் தனியிடம் என்ற ஏற்பாட்டை, நம் கோயில்கள் நெடுங்காலம் கட்டிக்கொண்டிருந்தன. சில ஊர்களின் கல்லறைத் தோட்டங்களைப் பார்த்தவர்கள் அறிவர். வெளியே நின்ற மனுச்சி பிழை என்று கண்டதை, உள்ளே போன நொபிலி பொறுத்துக்கொண்டார். உள்ளே போனதால் அவர் கண்டவற்றையோ மனுச்சி ஒருநாளும் காணவில்லை. இருவரில் எவரையும் முழுதாக ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

நூலின் இறுதிப் பகுதி கப்புச்சின் துறவியருக்கும் இயேசு சபையாருக்கும் இக்கரையில் நடந்த பூசல்களால் நிறைந்தது. மனுச்சி கப்புச்சின் கட்சி. கத்ரூ அடிகளார் மேலிருந்த கோபமும் அதில் கலந்திருக்கலாம். பொறுமையுள்ளோர் படிக்கலாம், நான் பல பக்கங்களைத் தாண்டினேன்.

ஊர்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்தில் கோட்டையிலிருந்து மலைக்குச் செல்ல அடையாற்றின் குறுக்கே பாலம் இல்லை. ஆர்மீனிய வணிகர் பெத்ரூஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் பாலம் கட்டியது 1726-ல். மலைப் படிகளும் அவர் அளித்தவையே. அதற்கு முன் மதிப்புடையவர் பல்லக்கில் போனார்; பல்லக்குத் தூக்கிகள் ஆற்று நீரில் இறங்கினார்கள். பல்லக்கில் போகிறவருக்கு ஊர் தெரியும், ஊராரின் முதுகும் தெரியும், முகம் தெரியாது. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய கார்கள் இன்று அதே பாலத்தடியைக் கடந்து கிண்டிக்குப் போகும்போது அந்தப் பல்லக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

இதை எழுதும் தகுதி எனக்கு ஒரு விதத்தில் உண்டு. மஸ்கட்டில் ஒன்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். மயிலாப்பூரில் இருந்த என் தாயாருக்கு எழுதிய கடிதங்களை அவர் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின், அடையாற்றுக்கு வீடு மாறும்போது, அவற்றைப் படித்தேன். வெட்கமாக இருந்தது. இவர்கள் கார் ஓட்டும் வேகம், இவர்கள் வேலைக்காரரை நடத்தும் விதம், இவர்கள் பெண்கள், இவர்கள் அரசர் என்று பக்கத்துக்குப் பக்கம் தீர்ப்புகள். அரபு மொழியில் எனக்குத் தெரிந்தவை கடைத்தெருச் சொற்கள் முப்பது. ஒன்பது ஆண்டுகளில் ஓர் ஓமானியரின் வீட்டுக்குள் நான் போனது ஒரே முறை, அதுவும் சாவு கேட்க. அந்த நாளைப் பற்றிய கடிதத்தில் மட்டும் 'இவர்கள்' என்ற சொல் இல்லை. தரையில் அமர்ந்ததும், பேரீச்சம்பழமும் கசந்த காப்பியும் தந்ததும், மகனை இழந்த முதியவர் அந்த நேரத்திலும் என் தாயாரின் உடல்நலத்தை விசாரித்ததும் இருந்தன. அந்தக் கடிதத்தை மட்டும் என் தாயார் பலமுறை பிரித்து மடித்திருக்கிறார். மடிப்பில் தாள் கிழிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் மனுச்சியை இரண்டாம் முறை படித்தேன். இம்முறை எலிசபெத்தைத் தேடினேன். ஆங்கிலத் தந்தைக்கும் போர்த்துக்கீசியத் தாய்க்கும் பிறந்தவர், இக்கரைக்கு உரியவர், கணவரை இழந்து இவரை மணந்தவர். சந்தையில், சமையற்கட்டில், கோயில் வாசலில் அவர் எந்த மொழியில் பேசினார்? வெனிஸ்காரர் அறியாத எத்தனை செய்திகள் அவர் வழியாக அந்த வீட்டுக்குள் வந்திருக்கும்? நூலில் விடை இல்லை. ஊரார் திருமணங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லுவித்தவர் தம் திருமணத்தைச் சில வரிகளில் முடித்துவிடுகிறார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த சில காலத்திலேயே இறைவன் எடுத்துக்கொண்டார். எலிசபெத் 1706-ல் இறந்தார். நான்கு தடித்த தொகுதிகளில் அந்தக் குழந்தைக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. அந்த இடத்தில் அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.