கிளாராவின் நாட்குறிப்பில் ‘நான்’

கிளாரா ஷூமனின் வாழ்க்கையைச் சொல்ல வருபவர்கள் பெரும்பாலும் அவருடைய காதல் கதையில் நின்றுவிடுகிறார்கள். என்னை நிறுத்தியது அவருடைய நாட்குறிப்பு. 1819இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்த கிளாராவுக்கு ஏழு வயதானபோது அது தொடங்கப்பட்டது. எழுதத் தொடங்கியவர், பியானோ ஆசிரியரான அவருடைய தந்தை ஃபிரெட்ரிக் வீக். எழுதியதோ தன்மை ஒருமையில். அதில் ‘நான்’ என்றால் மகள். ‘என் தந்தை’ என்றால் பேனாவைப் பிடித்திருக்கும் அவரேதான். மகளிடம் கண்ட குறைகளைக்கூட மகளே ஒப்புக்கொள்வதுபோல எழுதினார். இலக்கணம் நடத்துகிறவளுக்கு இந்தத் தன்மை ஒருமை உறுத்தாமல் இருக்குமா?

ஒன்பது வயதில் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தார். பதின்பருவத்திலேயே ஐரோப்பா அறிந்த கலைஞர். பயிற்சி, பயணம், வசூல் எல்லாம் தந்தையின் பிடியில். இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனை மணக்க நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 1840இல், இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் திருமணம். அங்கும் ஒரு நாட்குறிப்பு. இம்முறை கணவனும் மனைவியும் மாறி மாறி எழுதினார்கள். ராபர்ட் இசையமைக்கும் நேரங்களில் தான் வாசிக்க முடியாமல் போவதை கிளாரா அதில் குறித்திருக்கிறார். சுவர்கள் மெல்லியவை, மௌனமாக வேண்டியது எந்த அறை என்பதில் குழப்பமே இல்லை.

1854இல் ராபர்ட் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். அப்போது கிளாராவின் வயிற்றில் எட்டாவது குழந்தை. பிரசவமான சில மாதங்களில் கச்சேரிப் பயணம் கிளம்பிவிட்டார். பிள்ளைகளை வளர்க்க வேறு வழியில்லை என்று இதை விளக்குவது வழக்கம். உண்மைதான், ஆனால் இந்த அனுதாபத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வறுமை துரத்தினால் மட்டும்தான் தாய் மேடையேறலாமா? 1842இல் கணவர் உயிரோடும் நலத்தோடும் இருந்தார். மூத்த மகளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. ஹாம்பர்க் வரை உடன் வந்த ராபர்ட் வீடு திரும்ப, கிளாரா கோபன்ஹேகன் போய் வாசித்தார். அந்தப் பயணத்துக்கு ‘தியாகம்’ என்ற சொல் பொருந்தாது. வாசிக்க வேண்டும் என்ற விருப்பம் என்றே நான் படிக்கிறேன். விருப்பம் என்றதும்தான் வரலாற்றாசிரியர்களுக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

இழப்பும் இருந்தது. 1835இல், பதினாறு வயதில், தான் இயற்றிய பியானோ கான்செர்ட்டோவைத் தானே மேடையில் வாசித்தவர், 1856இல் ராபர்ட் இறந்தபின் ஏறக்குறைய எதையும் இயற்றவில்லை. ராபர்ட்டின் படைப்புகளை ஊர் ஊராக எடுத்துச் சென்றார். மேடையில் கறுப்பு உடுத்திய அவரை ‘விதவை’ என்றே பார்த்த கண்கள், அந்த விரல்களின் அன்றாட உழைப்பைப் பார்க்கவில்லை. 1878 முதல் ஃபிராங்ஃபர்ட் இசைக் கல்லூரியில் கற்பித்தார். 1891இல், எழுபத்தொரு வயதில், கடைசிக் கச்சேரி.

சிறுவயது முதலே தன் கச்சேரிகளின் நிகழ்ச்சி நிரல்கள் சேகரிக்கப்பட்டு வந்ததை அவர் விடாமல் தொடர்ந்தார். சுமார் 1300 தாள்கள். யார் கை எழுதிய ‘நான்’ என்று கேட்க வேண்டிய அவசியமில்லாத ஆவணம் அது. ஊர், தேதி, வாசித்தவை, அவ்வளவுதான். அந்தத் தொகுப்பு இன்று ஸ்விக்காவ் நகரில், ராபர்ட் ஷூமன் இல்லத்தில் இருக்கிறது.